ஏற்றியாயிற்று, ஏற்றுக்கொண்டார்களா?

மின்தாக்கலில் நேரும் பிழைகளும், அவற்றுக்காகக் கட்சிக்காரர் கொடுக்கும் விலையும்

இரவு மணி பதினொன்று இருபது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, தம்புச் செட்டித் தெருவில் ஜெராக்ஸ் கடைகளெல்லாம் கதவடைத்துவிட்ட பிறகும், மாடியில் ஒரு வக்கீல் ஆபீஸில் மட்டும் விளக்கு எரிகிறது. மேஜையின் மேல் சிவப்பு நாடா அவிழ்ந்து கிடக்கும் கட்டு ஒன்று; அதன் எதிரே கணினித் திரையில் கண்ணைப் பதித்தபடி இளம் வழக்கறிஞர் ஒருவர்; அவர் தோளுக்குப் பின்னால், முப்பது வருஷம் கோர்ட் படியேறித் தேய்ந்த குமாஸ்தா. பாகப்பிரிவினை வழக்கில் கீழ்க்கோர்ட் அளித்த தீர்ப்பின் மீது அப்பீல் போடுவதற்கு அன்றே கடைசி நாள். தீர்ப்பு நகல் ஏறிவிட்டது, காரணங்கள் அடங்கிய மனுவும் ஏறிவிட்டது, கையொப்பத்துக்கான ஓ.டி.பி. மட்டும் வரவில்லை. அது சீனியரின் கைபேசிக்குப் போயிருக்கிறது. சீனியரோ மதுரைக்குப் போகும் ரயிலில் உறங்கிக்கொண்டிருக்கிறார்.

"அண்ணே, வக்காலத்தோட பின்பக்கம் ஸ்கேன் பண்ணினோமா?" என்று கேட்கிறார் இளையவர்.

"பின்பக்கத்துலதான் சார் நீங்க ஏத்துக்கிட்ட கையெழுத்தே இருக்கு" என்கிறார் குமாஸ்தா.

இன்ன ஆபீஸ் என்று குறிப்பிட வேண்டிய அவசியமில்லை. மின்தாக்கல் வந்தபின் இந்தக் காட்சி எந்த ஊரிலும் எந்த வாரத்திலும் காணக்கூடியதாகிவிட்டது.

பழைய ஜன்னலும் புதிய திரையும்

நம் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் மின்தாக்கல் 2006-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி ஆரம்பமாயிற்று. பல ஆண்டுகள் அது விருப்பமுள்ளவர்களுக்கு மட்டுமே உரிய வசதியாக இருந்துவந்தது. 2020-இல் கொள்ளைநோய் வந்து கோர்ட் வாசல்களை அடைத்தபோதுதான் எல்லா வழக்கறிஞரும் அந்தத் திரையின் முன் உட்கார நேர்ந்தது. 2023 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை மின்நீதிமன்றத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு 7,210 கோடி ரூபாய் ஒதுக்கி, காகிதமில்லாத நீதிமன்றமே இலக்கு என்று பிரகடனம் செய்தது. தமிழ்நாட்டில் மின்தாக்கலைக் கட்டாயமாக்க முனைந்தபோது வழக்கறிஞர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்து, முதலில் தாலுகா கோர்ட்டுகளுக்கு இணைய இணைப்பையும் ஸ்கேனரையும் ஆட்களையும் தாருங்கள் என்று கோரின. அந்தக் கோரிக்கை நியாயமானது என்பதே நம் அபிப்பிராயம்.

ஆனால் வசதிக் குறைவைக் காட்டிலும் ஆழமான மாறுதல் ஒன்று நடந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் போதிய அளவு பேசப்படவில்லை. பழைய நாளில் தாக்கல் ஜன்னலின் மறுபுறம் அநுபவமுள்ள ஒரு மனிதர் இருந்தார். கட்டை வாங்கிய கையோடு, 'முத்திரை ஒட்டவில்லையே, பிரமாணப் பத்திரத்தில் தேதி விட்டுப்போயிருக்கிறதே, பிரதிவாதி மூன்று பேர் இருக்க நகல் இரண்டுதானே வைத்திருக்கிறீர்கள்' என்று அவர் நாலு வார்த்தை சொல்லுவார்; குமாஸ்தா அங்கேயே நின்று சரிசெய்து கொடுத்துவிடுவார். கணினி அவ்வாறு சொல்லுவதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்கிறது, எண் ஒன்றைத் தருகிறது, 'வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது' என்று அறிவிக்கிறது. அந்த அறிவிப்பைக் கண்டு நிம்மதியாக வீடு திரும்பியவருக்கு, பத்து நாளுக்குப் பிறகு பரிசீலனை முடிந்து ஆட்சேபணைகளுடன் காகிதம் திரும்பும்போதுதான், தாக்கல் செய்தது வேறு, நம்பர் ஆவது வேறு என்ற உண்மை விளங்குகிறது. முன்பு ஜன்னலில் இருந்த கண் இனித் தாக்கல் செய்பவரின் முகத்தில்தான் இருக்க வேண்டும். இதை உணராததால் விளையும் நஷ்டம் பெரும்பாலும் வழக்கறிஞருடையதன்று. நிலத்தையோ ஜீவனாம்சத்தையோ வேலையையோ நம்பி அவரிடம் வந்த கட்சிக்காரருடையது.

கெடு எந்த மணியோடு முடிகிறது?

பிழைகளில் தலையாயது கடைசி நாளுக்காகக் காத்திருப்பது. இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் வாசல் என்ற எண்ணமே ஒரு மயக்கத்தை உண்டாக்கிவிடுகிறது. வாசல் திறந்திருப்பது மெய்தான்; ஆனால் உள்ளே வந்த காகிதத்துக்கு எந்தத் தேதி இடப்படும் என்பது அந்தந்த நீதிமன்றத்தின் விதியைப் பொறுத்தது. சில நீதிமன்றங்களின் விதிகள் மாலை நாலு மணிக்குப் பிறகு வந்ததை அடுத்த வேலை நாளின் கணக்கில் வைக்கின்றன. கடல் கடந்தும் இதே நிலைதான்: அமெரிக்க கூட்டாட்சி நீதிமன்றங்களில் பொதுவாக நள்ளிரவே எல்லையென்றாலும், அங்குள்ள மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஜூலை முதல் அதை மாலை ஐந்து மணியாகக் குறைத்துவிட்டது. ஆகவே பக்கத்துக் கோர்ட்டின் வழக்கத்தை இந்தக் கோர்ட்டுக்கும் பொருத்திப் பார்ப்பது ஆபத்து.

சர்வர் படுத்துவிட்டால் கோர்ட் இரக்கம் காட்டாதா என்று கேட்கலாம். டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2021-ஆம் ஆண்டு மின்தாக்கல் விதிகள், இணையதளம் செயலிழந்தது என்ற காரணத்துக்காகக் காலவரம்பிலிருந்து விலக்கு கிடையாது என்றே கூறுகின்றன. இணையம் முடியாவிட்டால் கோர்ட்டிலுள்ள மையத்துக்குப் போக வேண்டும், அல்லது காகிதமாகவே கொடுக்க வேண்டும். இரவு பதினொன்றரைக்கு அந்த மாற்று வழிகள் எதுவும் திறந்திருக்காது. திரையில் தடங்கல் செய்தி வந்தால் தேதியும் நேரமும் தெரியும்படி அதைப் படம்பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. விதி இடம் தராத இடத்தில் அது உதவாது; ஆயினும் காலவரம்புச் சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவில் அதுவே பெரிய ஆதாரமாகலாம்.

மின்தாக்கலின் தேதியே கணக்கு என்பதை உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான வழக்கில் நிலைநாட்டியிருக்கிறது. சங்கேத் குமார் அகர்வால் எதிர் ஏ.பி.ஜி. லாஜிஸ்டிக்ஸ் என்பது அந்த வழக்கு. 2023 மே 1-ஆம் தேதி, தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. திவால் சட்டத்தின்படி அப்பீலுக்கு முப்பது நாள். தக்க காரணம் இருந்தால் மேலும் பதினைந்து நாள். அதற்கப்பால் ஒரு நாளும் இல்லை. 2022 ஆகஸ்டு 26-இல் பிறந்த உத்தரவின் மீது அக்டோபர் 10-இல் மின்தாக்கல் செய்யப்பட்டது. காகிதப் பிரதியோ அக்டோபர் 31-இல்தான் போய்ச் சேர்ந்தது. அப்பீல் தீர்ப்பாயம், இது நாற்பத்தாறாவது நாள் என்று சொல்லிக் கதவை மூடிவிட்டது. உத்தரவு பிறந்த தினத்தைக் கணக்கில் சேர்க்கலாகாது, நகல் பெறுவதற்குச் சென்ற பதின்மூன்று நாட்களையும் கழிக்க வேண்டும், மின்தாக்கல் செய்த நாளே தாக்கல் நாள் என்று உச்ச நீதிமன்றம் விளக்கி, அந்த அப்பீலுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. மின்தாக்கலும் செய், காகிதமும் கொடு என்று வழக்கறிஞர்மீது இரட்டைச் சுமை ஏற்றுவதையும் கண்டித்து, திரையில் படிக்கப் பழகாதவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதே பரிகாரம் என்று அது கூறியது. ஒரே ஒரு தேதியைச் சேர்ப்பதா நீக்குவதா என்ற கேள்விக்காக ஒரு மனிதர் டெல்லி வரை போக வேண்டியிருந்தது என்பதை வாசகர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. நகலுக்கு விண்ணப்பித்தால்தான் நகல் பெறும் நாட்களைக் கழிக்க முடியும். வி.நாகராஜன் எதிர் எஸ்.கே.எஸ். இஸ்பாத் வழக்கில், சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பிக்காமலே இருந்துவிட்ட மேல்முறையீட்டுக்காரருக்குக் காலம் கடந்துவிட்டது என்று 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. உத்தரவு இணையத்தில் கிடைக்கிறதே, இறக்கிக்கொள்ளலாமே என்ற சௌகரியம், நகல் மனுப் போடும் பழைய பழக்கத்தை மறக்கச் செய்துவிடக்கூடாது.

┌ பெட்டிச் செய்தி: மறக்கக்கூடாத கெடு நாட்கள்
உரிமையியல் தீர்ப்பின் மீது உயர் நீதிமன்றத்தில் அப்பீல்: 90 நாள்; மற்றக் கோர்ட்டுகளில் 30 நாள்.
பிரதிவாதியின் எதிர்வழக்குரை: சம்மன் சார்பு ஆனதிலிருந்து 30 நாள், கோர்ட் அநுமதித்தால் 90 நாள் வரை. வணிக வழக்கானால் 120-ஆவது நாளோடு உரிமையே போய்விடும்.
காசோலை திரும்பிய வழக்கு: வங்கியின் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்தபின் பணம் செலுத்த 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார்.
நடுவர் தீர்ப்பை ரத்துச் செய்யக் கோரும் மனு: 3 மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் 30 நாள், அதற்குமேல் மன்னிப்பு இல்லை. └

கெடுவுக்குள் ஏதோ ஒன்றை ஏற்றி ஒரு நம்பரை வாங்கிவிடுவோம், குறைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற தந்திரமும் பலிப்பதில்லை. நடுவர் தீர்ப்பை எதிர்த்து மனுப் போடுகிறவர் அந்தத் தீர்ப்பையே இணைக்காமல் தாக்கல் செய்தால், அது தாக்கலே ஆகாது என்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2025 பிப்ரவரியில் அறுதியிட்டுக் கூறியிருக்கிறது. வெறும் உறை போய்ச் சேர்ந்த நாளை, கடிதம் போய்ச் சேர்ந்த நாளென்று கொள்ள நீதிமன்றம் சம்மதிக்கவில்லை.

காகிதம் படமாகும்போது

நம் ஊர்த் தஸ்தாவேஜுகளை ஸ்கேன் செய்வது தனிக் கலை. ஐம்பது வருஷத்துக் கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் முத்திரையும் எழுத்தும் இருக்கும். சார்பதிவாளரின் மேலெழுத்தும் பதிவு எண்ணும் ரேகையும் சாட்சிக் கையெழுத்தும் பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும். அவசரத்தில் முன்பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால், பதிவான பத்திரம் பதிவாகாத காகிதம் போலத் திரையில் நிற்கும். கைபேசியில் படம்பிடித்து ஏற்றுவோரும் உண்டு. மடிப்பின் நிழல் விழுந்து சர்வே எண்ணின் நடு இலக்கம் மறைந்துபோகிறது. 118-ஆ 113-ஆ என்று தெரியாத நிலத்துக்கு எந்த நீதிபதி தடையுத்தரவு கொடுப்பார்? ஸ்கேனருக்கு 300 டி.பி.ஐ. என்பது பொதுவாக விதிக்கப்படும் அளவு. கோப்பின் கனத்தைக் குறைப்பதற்காக அதைத் தாழ்த்தி எழுத்தை மங்கச் செய்வதைவிட, கோப்பை இரண்டாகப் பிரிப்பது மேல். அசலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும் வேண்டும்; கோர்ட் எப்போது கேட்டாலும் காட்ட வேண்டிய பொறுப்பு தாக்கல் செய்தவருடையது.

தமிழுக்கென்றே உரிய தொல்லை ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்ட போதிலும், நம் தட்டச்சு நிலையங்களில் பாமினியும் வானவில்லும் இன்னும் ஆட்சி செய்கின்றன. அந்த எழுத்துருவில் அடித்த பிராதை, எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்காமல் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால், தட்டச்சு செய்தவரின் கணினியில் அழகாகத் தெரிகிற 'வாதி' என்ற சொல், கோர்ட்டின் கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாக நிற்கும். சொல் தேடும் வசதியும் அதில் வேலை செய்யாது. ஒருங்குறியில் அடிப்பதே நிரந்தரப் பரிகாரம். அதுவரை, ஏற்றுவதற்கு முன் அந்தக் கோப்பை வேறொரு கணினியிலோ கைபேசியிலோ ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்; இரண்டு நிமிஷ வேலை.

பக்க எண்ணையும் அலட்சியம் செய்யலாகாது. தட்டச்சுத் தொகுப்பில் பக்கம் 41 என்று அச்சிட்டிருப்பது, அட்டையும் பொருளடக்கமும் சேர்ந்த கோப்பில் 47-ஆம் பக்கமாக இருக்கும். 'பக்கம் 41 பாருங்கள்' என்று வழக்கறிஞர் சொல்ல, நீதிபதி திரையில் வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்க, வாதத்தின் சூடு அங்கேயே ஆறிவிடுகிறது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் பக்கக்குறி வைத்துப் பெயரும் இட்டுவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை.

தவறான கோர்ட்டைத் தெரிவுசெய்வது மற்றொன்று. தளத்தில் மாவட்டம், வளாகம், நீதிமன்றம், வழக்கின் வகை என்று படிப்படியாகத் தெரிவு செய்ய வேண்டியிருக்கிறது. முன்சீப் கோர்ட்டுக்குரியது சார்பு நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறது. நல்லெண்ணத்தோடு தவறான கோர்ட்டில் செலவான காலத்தைக் கழிக்கக் காலவரம்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் உரிய ஜாக்கிரதையோடு நடந்துகொண்டேன் என்று நிரூபிக்கும் பாரம் அப்போது கட்சிக்காரரின் தலைமேல்தான் விழுகிறது.

கறுப்புக் கட்டத்துக்கு அடியில்

2019 ஜனவரி 8-ஆம் தேதி, அமெரிக்காவில் டிரம்பின் முன்னாள் பிரசாரத் தலைவர் பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் வாஷிங்டன் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு மனுவை மின்தாக்கல் செய்தார்கள். ரகசியமான பகுதிகளின் மேல் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் பட்டை எழுத்தின் மேல் கிடந்ததேயொழிய எழுத்தை நீக்கவில்லை. நிருபர்கள் அந்த இடத்தைத் தெரிவு செய்து, நகலெடுத்து, வேறொரு பக்கத்தில் ஒட்டினார்கள். மறைத்த அத்தனையும் வந்து விழுந்தது. தேர்தல் கருத்துக்கணிப்பு விவரங்களைத் தம் கட்சிக்காரர் யாருக்குக் கொடுத்தார் என்ற செய்தியை அவருடைய வழக்கறிஞர்களே உலகுக்கு அறிவித்தபடியாயிற்று. திருத்திய மனுவைப் பிறகு போட்டார்கள். போன ரகசியம் திரும்பவில்லை.

அங்கே அரசியல்வாதி ஒருவரின் ரகசியம். இங்கே அது பதின்மூன்று வயதுக் குழந்தையின் பெயராக இருக்கக்கூடும். பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சம்ஹிதையின் 72-ஆவது பிரிவின்படி குற்றம். குழந்தையானால் போக்சோ சட்டமும் தடுக்கிறது. பெயரை மட்டுமன்றி, அவரை இன்னார் என்று காட்டிக்கொடுக்கக்கூடிய எந்த விவரமும் வெளிவரலாகாது என்று நிபுண் சக்ஸேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் விரிவாக எடுத்துரைத்தது. ஆனால் மனுவில் பெயரை மறைத்துவிட்டு, இணைப்பாக வைத்த பள்ளிச் சான்றிதழிலும் மருத்துவச் சீட்டிலும் ஆதார் நகலிலும் அதே பெயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கோப்பின் பெயரிலேயே குழந்தையின் பெயரை வைத்து ஏற்றுவதும் உண்டு. காகிதக் கட்டு அலமாரிக்குள் இருந்தது. மின்கோப்போ ஒரு கைபேசியிலிருந்து இன்னொரு கைபேசிக்குப் போக நொடிப்பொழுது போதும். மறைக்க வேண்டியதைப் பேனாவால் காகிதத்திலேயே அழுத்தமாக அடித்து, அந்த அடித்த பிரதியை நகலெடுத்து ஸ்கேன் செய்வது பழைய முறையானாலும் பத்திரமான முறை. கணினியிலேயே செய்வதானால், எழுத்தை நிரந்தரமாக நீக்கும் கருவியைக் கையாண்டு, முடித்தபின் அந்த இடத்தை நகலெடுத்து ஒட்டிச் சோதித்துப் பாருங்கள்.

┌ பெட்டிச் செய்தி: மின்சாட்சியம் தாக்கல் செய்வோர் கவனத்துக்கு
2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுக்குப் பதிலாக, பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவு அமலில் இருக்கிறது. சான்றிதழுக்கு இப்போது இரண்டு பகுதிகள்: ஒன்றை மின்பதிவைக் கொடுப்பவரும் மற்றதை நிபுணரும் கையொப்பமிட வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். ஆகவே மதிப்பைக் கணித்தபின் கோப்பின் கனத்தைக் குறைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பி வாங்கியதை அசலென்று கருதாதீர்கள். அங்கே அது சுருக்கப்பட்டே வந்து சேருகிறது. └

கையெழுத்து யாருடையது?

சீனியரின் மின்கையொப்ப டோக்கன் குமாஸ்தாவின் மேஜை டிராயரில், கடவுச்சொல் அதன்மேல் ஒட்டிய சீட்டில், ஓ.டி.பி. வரும் கைபேசி டிரைவரிடம் என்ற ஏற்பாடு அநேகம் ஆபீஸ்களில் சர்வசாதாரணம். மின்கையொப்பத்துக்குரிய திறவுகோலைத் தம் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்கத் தக்க கவனம் எடுக்க வேண்டியது அதன் உரிமையாளரின் கடமை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு கூறுகிறது. பேனாவால் இட்ட கையெழுத்தை, என்னுடையதன்று என்று மறுக்கும் வழக்குகளைக் கண்டிருக்கிறோம்; மின்கையொப்பத்தை அவ்வளவு லேசில் மறுக்க இயலாது. தம் பெயரால் போகும் மனுவை ஒரு வரியாவது படிக்காமல் கையொப்ப உரிமையைப் பிறரிடம் விட்டுவிடுவது, வழக்கறிஞர் தொழிலின் ஆதாரமான நம்பிக்கைக்கே ஊறு என்பதில் எமக்குச் சந்தேகமில்லை.

பிரௌசிங் சென்டரில் தாக்கல் செய்வோருக்கு வேறோர் அபாயம். வேலை முடிந்ததும் எழுந்து வந்துவிடுகிறார்கள், தளத்திலிருந்து வெளியேறுவதில்லை, விவாகரத்து மனுவும் வங்கிக் கணக்கும் அந்தப் பொதுக் கணினியின் திரையிலேயே கிடக்கின்றன. கோர்ட் வளாகங்களில் இ-சேவா மையங்கள் ஏற்படுத்தப்பட்டிருக்கின்றன. வழக்கறிஞர் வைக்காமல் தாமே வழக்கு நடத்துவோர் முதலில் அங்கே செல்வது உத்தமம். அந்த மையங்களுக்குத் தமிழ் தெரிந்த, பொறுமையுள்ள ஆட்களைப் போதிய எண்ணிக்கையில் நியமிப்பது அரசும் உயர் நீதிமன்றமும் உடனே செய்ய வேண்டிய காரியம்.

ரிட்டர்ன் ஆன பிறகு

இத்தனை கவனத்துக்குப் பிறகும் காகிதம் ரிட்டர்ன் ஆகலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. விபரீதம் அதைப் பாராமல் விடுவதில்தான் இருக்கிறது. ஆட்சேபணை வந்த செய்தி யாரும் திறக்காத மின்னஞ்சலுக்கோ, மாற்றிவிட்ட பழைய கைபேசி எண்ணுக்கோ போகிறது. திரும்பச் சமர்ப்பிக்கக் கொடுத்த நாள் கடந்துவிடுகிறது. பின்பு அதற்கொரு தாமத மன்னிப்பு மனு, அதற்கொரு பிரமாணப் பத்திரம், அதற்கொரு விசாரணை. ஒரே ஒரு ஆட்சேபணையைச் சரிசெய்துவிட்டு மற்றதை மறந்து மறுபடி அனுப்ப, அது மறுபடி திரும்ப, இதற்குள் எதிர்க்கட்சிக்காரர் சொத்தை விற்றுவிட்டிருப்பார். தடையுத்தரவு கோரும் வழக்கில் ஒரு வாரத் தாமதமே வழக்கின் முடிவாகிவிடுவதுண்டு.

ஆகவே கெடுவுக்கு ஒரு வாரம் முன்னதாகத் தாக்கல் செய்யுங்கள் என்பதே வழக்கறிஞர்களுக்கு நாம் விடுக்கும் விண்ணப்பம். ஆட்சேபணை வந்தாலும் கெடுவுக்குள்ளேயே திருத்திக் கொடுக்க அந்த ஒரு வாரம் இடம் தரும். கோர்ட்டுகளுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு: குறைகளை மூன்று தவணையாகச் சொல்லாமல், முதல் பரிசீலனையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

கட்சிக்காரராகிய வாசகரே, 'போட்டாச்சு' என்ற வார்த்தையோடு நீங்கள் திருப்தியடைய வேண்டாம். ஏற்றிய கோப்பின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்; உங்கள் பெயரும் சர்வே எண்ணும் தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று நீங்களே படியுங்கள். வழக்குக்கு நம்பர் ஆயிற்றா என்று கேளுங்கள். கணினியில் பதிவான ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்தும் இலக்கமும் கொண்ட சி.என்.ஆர். எண் ஒன்று உண்டு. அதைக் குறித்து வைத்துக்கொண்டால், இ-கோர்ட்ஸ் செயலியில் எந்நேரமும் கட்டணமின்றி உங்கள் வழக்கின் நிலையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.